அரைப்பேர்

ஹட்டனில், டன்பார் வீதியில்,
பேக்கரிக்கு மேல்மாடியில் என் கடை.
மழை பிடித்தால் சுவருக்கும் வேர்க்கும்.
அடைக்கலமேரி படியேறி வந்து
மூச்சு வாங்க ஒரு நிமிடம் நின்றாள்.
கையில் பிஸ்கட் டின்,
டின்னுக்குள் ஒன்பது ஃப்ளொப்பி.

ஒப்பீஸ் கொம்பியூட்டரை
இரும்போடு இரும்பாய் நிறுத்து விற்ற அன்று
கிளாக்கர் இவற்றை மட்டும்
வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாராம்.
ஏனென்று அவருக்கே தெரியாது.
"தொண்ணூத்தியொண்ணுலருந்து ஆறு வருசம்
நான் வேலையிலயே இல்லையாம்.
புதுக் கொம்பனி சொல்லுது."

முதல் ஃப்ளொப்பியில் பூஞ்சணம்.
செருப்பில், பைபிளில், கல்யாணப் படத்தில்
எதில்தான் வராது இந்த மலையில்?
தகட்டை விலக்கி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால்
வட்டத்தை மெல்லத் துடைத்தேன்.
உள்ளே போனது. கரகரத்தது.
திரையில் வந்ததைத் தமிழில் சொன்னேன்:
இந்த டிஸ்க் ஃபோமட் செய்யப்படவில்லை.
இப்போது செய்யவா?

"அப்படீன்னா?"
"ஒண்ணுமில்லையாம் இதில."
"ஒண்ணுமில்லையா!
ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் கிளாக்கர் தட்டுனத
சன்னல் வழியா நான் பாத்திருக்கேன்."

(இதே கேள்விக்கு ஒருமுறை
ஆம் என்று அழுத்தியிருக்கிறேன்.
கொட்டகலை வாத்தியார் ஒருவரின் பதினோரு வருட வேலை.
பூஞ்சணம் தின்றது என்றேன் அவரிடம்.)

ஃப்ளொப்பியின் ஒரு மூலையில் சின்னத் துளை.
துளை இருந்தால் கொள்ளளவு முழுசு,
இல்லாவிட்டால் பாதி.
பழைய பெட்டிக்கு அதைப் பார்க்கக் கண்ணே கிடையாது.
கண்டியில் முழுசு மட்டுமே விற்ற காலத்தில்
கிளாக்கர் அதை வாங்கி உள்ளே தள்ள,
பெட்டி தன் வழக்கப்படி பாதிக்கே கோடு கிழித்தது,
பாதியாகவே எழுதியது.
என் பெட்டிக்குக் கண் உண்டு.
துளையைப் பார்க்கிறது, முழுசைத் தேடுகிறது,
தேடியது கிடைக்காவிட்டால்
எதுவுமே இல்லை என்கிறது.

இதை அவளுக்கு எப்படிச் சொல்ல?
"அரைப்பேர் போட்டிருக்கு," என்றேன்.
சட்டென்று விளங்கிவிட்டது.
"கிலோ குறைஞ்சிருச்சா?"
"இல்ல. தராசு சின்னது."

வயர் சுற்றும் கறுப்பு டேப்பில்
நகத்தளவு வெட்டித் துளையை அடைத்தேன்.
மறுபடி போட்டபோது சத்தமே வேறு.
வரிசையாய் இறங்கின மாதங்கள்.
பெயருக்குப் பத்தே எழுத்து இடம் விட்டிருந்தார்கள்,
இங்கிலீஷில்.
மேரி வெளியே விழுந்து
அடைக்கலம் மட்டும் மிச்சம்.

அவள் முகம் சுருங்கியது.
"எங்க பிரிவுல அடைக்கலம்னு ஒரு ஆளும் இருந்தாரு.
கவ்வாத்துக்காரர். செத்துட்டாரு.
இது அவருன்னு சொல்லிட்டா?"

பக்கம் பக்கமாய்த் தள்ளினேன்.
முழுப்பேர், முழுப்பேர், அரை, முழுப்பேர்,
மழைக்கு ஒரு கோடு.
தொண்ணூற்று மூன்று ஆனியில் வெறும் கட்டங்கள்,
ஆடியில் வெறும் கட்டங்கள்.
நான் பழுதென்று நினைத்தேன்.
அவள் விரல் திரையைத் தொட்டது.

"நிப்பாட்டுங்க. இதுதான்.
எண்பத்தி நாலு நாள் வரும், எண்ணிப் பாருங்க.
இது என் சின்னவன்.
கவ்வாத்துக்காரருக்குப் புள்ளப்பேத்து லீவு
எந்தத் துரை குடுத்தாரு?"

எண்ணினேன். எண்பத்து நாலு.

அச்செடுக்கையில் கரண்ட் போனது,
பாதித் தாள் வாயில் தொங்க.
திரும்பி வரும்வரை
கீழேயிருந்து பாண் வாசம் ஏறிக்கொண்டிருந்தது.
ஆறு ஃப்ளொப்பி திறந்தன.
மூன்று, டேப் போட்டும் மசியவில்லை.
இல்லை, இல்லை, இல்லை என்று
மூன்று தடவை அழுத்தி வெளியே எடுத்தேன்.

"எவ்வளவு?"
"முந்நூறு."
ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து
நூற்றைம்பதை எண்ணி மேசையில் வைத்தாள்.
"மூணு தெறக்கலையே தம்பி.
ஒங்களுக்கும் அரைப்பேர்தான்."