சீட்டுக்குக் கையில்லை

வால்பரைசோ துறைமுகம். டிசம்பர். இரவு இரண்டே கால்.
பதினோராயிரம் பெட்டகங்கள் நினைவகத்தில் விழித்திருக்கின்றன.
ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட்:
எண் உண்டு, எடை உண்டு, போய்ச்சேரும் ஊர் உண்டு.
அழுகும் என்று சொல்லத்தான் இடமில்லை.

கீழே யார்டிலிருந்து எலெயுத்தேரியோ:
"நாலாம் வரிசை, கடைசிப் பெட்டகம். செர்ரி.
குளிர்ப்பெட்டி இருமுகிறது.
எங்கேயாவது எழுதி வை, யஸ்னா."

எங்கே எழுத?
பெட்டகத்தின் கிளாஸைப் பூட்டிவிட்டுப் போனவர் ஓஸ்வால்தோ.
இதிலிருந்து எதுவும் பிறக்கக் கூடாது,
இதில் யாரும் எதையும் சேர்க்கக் கூடாது
என்று இரண்டு வரிக் குறிப்பு, கீழே 2004.
இப்போது புந்தா அரேனாஸில் செம்மறி வளர்க்கிறாராம்.
நிறுத்தித் திருத்தவும் வழியில்லை.
சிஸ்டம் நின்றால் ஆறு கிரேன்களும்
தூக்கிய கை தூக்கியபடி நிற்கும்.

ஆகவே பெட்டகத்தைத் தொடவில்லை.
பக்கத்தில் ஓர் அட்டவணை விரித்தேன்.
இந்தப் பக்கம் பெட்டகம்:
அதன் எண்ணல்ல, நகலல்ல, அதுவேதான்.
அந்தப் பக்கம் நான் சொல்ல வந்தது:
ஏற்றாதே. மெக்கானிக் பார்க்கட்டும்.
எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே.
தன்னைப் பற்றி ஒரு பேச்சு இருப்பது
பெட்டகத்துக்குத் தெரியாது.

முடிச்சு, ஒட்டியும் ஒட்டாமலும்தான் போட்டேன்.
இறுக்கிக் கட்டினால்
கப்பல் போன பிறகும் சீட்டு பெட்டகத்தை விடாது.
போனதெல்லாம் போகாமல் கிடந்து
நினைவகம் வீங்கும், விடியுமுன் விழும்.
(போன கோடையில் விழுந்தது. என் கைவேலை.)
இந்தச் சீட்டுக்குக் கையில்லை.
பெட்டகம் இருக்கும்வரை இருக்கும்,
இரு என்று பெட்டகத்தைக் கேட்க மாட்டாது.

இரண்டு நாற்பதுக்கு
நோர்மாவின் கிரேன் திரையில் மஞ்சள் எழுத்து.
பெட்டகம் ஒதுங்கியது.
ஃப்ரொய்லான் விசிறியைக் கழற்றினான்,
திட்டினான், வேறு விசிறி தேடினான்,
மாட்டினான்.
ஐந்தரைக்குப் புறப்பட்ட கப்பலில்
கடைசியாக ஏறியது அதுதான்.

யாரும் பிடித்திராத பெட்டகத்தை
நினைவகம் ஓசையில்லாமல் கூட்டிப் பெருக்கியது.
கூடவே சீட்டும். நான் அழிக்கவில்லை.

எட்டு மணிக்கு மேலாளர் வந்தார், காபியும் கேள்வியுமாக.
"இரண்டு மணி நேரம் ஏன் ஒதுங்கி நின்றது?
பதிவில் காரணமே இல்லையே?"
"இருந்தது" என்றேன்.
"எங்கே?"

ஜன்னலைக் காட்டினேன்.
கப்பல் நின்ற இடத்தில்
ஒரு கடற்சிங்கம் புரண்டு படுத்தது.