வந்த வழி

சனிக்கிழமை காலை, சுங்கை மெர்பாவ் சமூக மண்டபம்.
பண்டாராயா மீன் கிலோவுக்கு ஒரு வெள்ளி.
மீன்வளத் துறை தராசு வைத்திருக்கிறது,
எனக்கு ஒரு பாரமும் பேனாவும்.
பெயர். எடை. பிடித்த இடம்.
நாலாவது கட்டம்: வந்த வழி.

தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கிற மீன் என்பதால்
நகராண்மைக் கழகத்தின் பெயரை வைத்தார்களாம்.
நகராண்மைக் கழகம்
எங்கள் அல்லூரை எட்டிப் பார்த்ததே இல்லை.

செம்பனை மில்லுக்குப் பின்னாலிருந்து
சாக்குச் சாக்காய் இழுத்து வருகிறார்கள்.
கவசம் போட்ட முதுகு, அடியில் வாய்.
தண்ணீரை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும்
சிமெண்டுத் தரையை உறிஞ்சிக்கொண்டே கிடக்கின்றன,
அதிலும் ஏதாவது பாசி இருக்கும் என்று.

லோரி யோகநாதன், பதினெட்டுக் கிலோ:
"எழுதும்மா, போன வருஷ வெள்ளம்.
ரோட்டு மேல நடந்தே வந்துச்சு,
என் லைட் வெளிச்சத்துல பாத்தேன்."

அந்தோணிசாமி, ஆறரை:
மில் குளம் நாறுகிறதென்று மேனேஜரே
ராத்திரியில் டேங்கர் வைத்து இறக்கினாராம்.
டேங்கர் நம்பர்?
"அதெல்லாம் கேக்கக் கூடாது."

அழகு நிலையம் பிரேமளா மீனே கொண்டுவரவில்லை.
வரிசையில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்:
கொக்குக் காலில் ஒட்டிய முட்டை.
கொக்கு, தாய்லாந்துக் கொக்கு.

வங்காளதேசத்துப் பையன்கள் தின்ன வளர்த்தது என்றார் ஒருவர்.
ஷாகிப் அவருக்குப் பின்னால்தான் நின்றான்,
முப்பத்தோரு கிலோ.
உன் கட்டத்தில் என்ன எழுத என்றேன்.
"ஏஜென்ட் கொண்டு வந்தான்."
மீனையா, உன்னையா என்று நான் கேட்கவில்லை.

புவான் நோரைனி ஒலிபெருக்கியில் விளக்கினார்:
இது இந்த மண்ணின் மீன் இல்லை,
வெளியிலிருந்து வந்தது,
இங்கே இருப்பதைத் தின்று பெருகுகிறது.
நல்ல மனுஷி. மீனைப் பற்றித்தான் பேசினார்.
ஆனாலும் எல்லோரும் கொஞ்ச நேரம்
தே தாரேக் கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியத்துக்குள் இருநூற்று நாற்பது கிலோ,
பதினேழு வழிகள்.

பதினெட்டாவது என்னுடையது. எழுதவில்லை.

திவேந்திரன் ஜொகூருக்கு வேலைக்குப் போன வாரம்
அவன் தொட்டியைக் காலி செய்தேன்.
விரல் நீளம்தான். கண்ணாடியை விட்டு வர மறுத்தது,
கரண்டிக் காம்பால் நெம்பினேன்.
பிளாட்டுக்குப் பின்னால் அல்லூர், மழை வேறு.
வாளியைச் சாய்த்தபோது
மேல்மாடியில் யாரோ விளக்கை அணைத்தார்கள்.

ஒற்றை மீன்.
ஒற்றை மீன் குஞ்சு பொரிக்காது.
மூன்று வருஷமாய் இதைச் சொல்லித்தான் தூங்குகிறேன்.

இன்றைக்குத்தான் உறைத்தது
அந்தக் கணக்கின் மறுபக்கம்:
அப்படியானால் இன்னொருவர்.

நிமிர்ந்தேன்.
யோகநாதன் பதினெட்டு வெள்ளியை
இரண்டாம் தரம் எண்ணுகிறார்.
பிரேமளா இன்னும் போகவில்லை,
வாசலில் நிற்கிறாள், வெறுங்கையோடு,
என் பேனாவையே பார்த்தபடி.