ஏ பி

சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
பாயான் லெப்பாஸ், மூன்றாவது மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
யாருக்கு எவ்வளவு என்பது
கடவுளுக்கும் எனக்கும் தெரியும்.
வாய் திறக்கமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான் மட்டும்.

கீழே சிப் சோதிக்கும் கூடத்தில்
எல்லாரும் வெள்ளை அங்கிக்குள்.
கண் மட்டும் வெளியே.
ஆணா பெண்ணா,
தூசிக்குத் தெரியாது.
என் கணினிக்குத் தெரியும்.

தவமலர் ஏ பி முனியாண்டி.
யோகேந்திரன் ஏ எல் சிவசாமி.
தன் பெயருக்கும் அப்பன் பெயருக்கும் நடுவே
மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று.
அந்த ஓர் எழுத்தின் விலை
மாதம் அறுநூற்று நாற்பது வெள்ளி.

ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆண்டு.
சான்றிதழ்களைக் கோப்பில் கோத்தவளே நான்தான்.
அவளுடையது முதல் வகுப்பு.
அவனுடையதைச் சொல்ல வேண்டாம், நல்ல பையன்,
தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு தருவான்.
இயந்திரம் மக்கர் செய்தால்
அவளைத்தான் கூப்பிடுவான்.

நேர்முகத் தேர்வுத் தாளின் ஓரத்தில்
பென்சிலில் யாரோ கிறுக்கியிருந்தார்கள்.
அவனுக்கு: குடும்பம் இருக்கிறது.
அவளுக்கு: குடும்பம் வந்துவிடும்.

வந்தது.
தொண்ணூற்றெட்டு நாள் பிரசவ விடுப்பு.
அந்த வருடச் சம்பள உயர்வுக் கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.
நான்தான் தட்டினேன் அந்தக் கோட்டை.

போன வாரம் மேலே வந்தாள்,
அங்கி கழற்றிய தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க.
வாரக்கடைசியில் முதுநிலை படிக்கப் போகிறாளாம்.
"இன்னும் கொஞ்சம் படிச்சிட்டா
சரியாயிடும் இல்லக்கா?"

வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன்,
மதியம் ஆள் இல்லாத நேரத்தில்.
ஓப்பரேட்டர் வரிசையில் இடைவெளி நாற்பது வெள்ளி.
டிப்ளோமாவில் இருநூறு.
மேனேஜர் வரிசையில்
ஒரு மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டலாம்.
ஏணி ஏற ஏற
படிகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன
சேலை கட்டிய கால்களுக்கு.

படிக்காதே என்று எப்படிச் சொல்வேன்?
படிக்காத வரிசையும் எனக்குத் தெரியும்.
எஸ்பிஎம்மோடு நின்றுபோன என் பெயர்
அதில்தான் இருக்கிறது,
பதினேழு வருடமாக.

"படிம்மா" என்றேன்.
"சான்றிதழ் நகல் வேணும்னா
நாளைக்குக் காலையில வந்து
இந்த மெஷின்லயே எடுத்துக்க."

அன்று சாயங்காலம்
பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன்
கிளம்பிவிடும் அவசரம்.
நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல்
ஒரு தாளை மறந்துவிட்டேன்.
இரண்டே பெயர் உள்ள தாள்.
மூடியை மூடியதாக ஞாபகம்.

நினைவு வந்தபோது
கடலுக்கு மேல் பாதி தூரம் வந்திருந்தேன்.
முன்னால் பட்டர்வொர்த் விளக்குகள்.
அந்தப் பாலத்தில்
வண்டியைத் திருப்ப
வழி கிடையாது.