ஒரு குச்சி பாக்கி

பீர்க் குழாய் கழுவுகிற வேலை எனக்கு.
உள்ளே படியும் வழவழப்பு கண்ணுக்குத் தெரியாது,
மூன்றாவது மிடறில் நாக்கு சொல்லிவிடும்.
கருவிப் பெட்டியோடு என்னைக் கண்டதும்
மதுக்கடைக்காரர்கள் கொஞ்சம் கூசுவார்கள்.
பிறகு, "முதலில் ஏதாவது சாப்பிடு, ரோக்கே" என்பார்கள்.

சான் செபஸ்தியானில் கணக்கு குச்சியில்.
மேடை முழுக்கத் தட்டுகள்.
ரொட்டித் துண்டின்மேல் நெத்திலி,
அதன்மேல் புளிக்காடியில் ஊறிய பச்சைமிளகாய்,
எல்லாவற்றையும் துளைத்து நிற்கும் ஒரு பல்குச்சி.
நீயே எடுத்துத் தின்னலாம், யாரும் பார்ப்பதில்லை.
கடைசியில் இடோயா வந்து
தட்டில் கிடக்கும் குச்சிகளை
நகத்தால் தள்ளித் தள்ளி எண்ணுவாள்.
அன்று மழை. எனக்கு அது நாலாவது கடை.
அவள் புட்டியைத் தலைக்குமேல் தூக்கிச் சாய்க்க
சக்கோலி சீறிக்கொண்டு கோப்பையில் இறங்கியது.
ஆறு தின்றேன்.
தட்டில் ஐந்து.
ஆறாவது என் சட்டைப்பைக்குள்
எப்படிப் போனது என்று தெரியாது.
தெரியும்.

லோக்ரோன்யோவில் ஒரு சந்து.
கடைக்கு ஒரு பண்டம்தான்.
காளான் கடையில் மூன்று காளான், ஒன்றன்மேல் ஒன்று,
உச்சியில் ஓர் இறால்.
பூண்டெண்ணெய் மணிக்கட்டைத் தாண்டி
முழங்கை வரை ஒழுகும்.
பக்கத்தில் இரண்டு சகலைகள்
யார் காசு கொடுப்பதென்று மல்லுக்கட்டுகிறார்கள்.
ஒருவன் மற்றவன் பர்ஸைப் பிடுங்கி
ரொட்டிக் கூடைக்குள் ஒளிக்கிறான்.
நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
குத்தியது.

கிரனாடாவில் தின்பதற்குக் கணக்கே கிடையாது.
சின்ன பீர் கேட்டால்
பொரித்த மீன் ஒரு தட்டு, கொசுறு.
இரண்டாவதற்கு நத்தை.
மூன்றாவதற்குக் கொழுப்பில் வதக்கிய ரொட்டித் தூள்.
தோளில் செல்லோப் பெட்டியோடு ஒரு மாணவி
இரண்டு பீரில் ராச்சாப்பாட்டை முடித்துவிட்டு
நத்தை ஓட்டுக்குள் ஊதிப் பார்க்கிறாள்,
சத்தம் வருகிறதா என்று.
எனக்கோ வேறு யோசனை.
இங்கே சும்மா கிடைத்ததை
அங்கே கழித்துக்கொள்ளலாமா?
கடைக்காரரிடம் கேட்டேவிட்டேன்.
குழாய் மருந்தை முகர்ந்துவிட்டேன் என்று நினைத்துத்
தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

செவில்லில் எவாரிஸ்தோவின் காதில் சாக்பீஸ்.
நீ தின்னத் தின்ன, உனக்கு எதிரே
மரமேடையிலேயே கோடு இழுப்பார்.
கொண்டைக்கடலையும் கீரையும், சீரகம் தூக்கலாக.
பல் கூசும் குளிரில் மன்சனிய்யா,
கடல் காற்றை நக்கியதுபோல் ஓர் உப்பு.
பேச்சுவாக்கில் என் முழங்கை கோடுகளைத் துடைத்துவிட்டது.
"எத்தனை இருந்தது?"
மூன்று. ஆனால் "நாலு" என்றேன்.
எந்த ஊராயிருந்தால் என்ன, பாக்கி தீரட்டுமே.
எவாரிஸ்தோ என்னைப் பார்த்தார்.
"மூன்று.
சாக்பீஸ் எனக்கில்லை, உங்களுக்கு."
ஈரத்துணியால் மிச்சத்தையும் துடைத்தார்.

மார்ச்சில் மறுபடி சான் செபஸ்தியான்.
மறுபடி மழை.
நாலு தின்றேன். தட்டில் ஐந்து வைத்தேன்.
ஐந்தாவது இரண்டு முறை துவைக்கப்பட்டு
நார் கிளம்பி இருந்தது.
இடோயா எண்ணினாள். ஒன்றை ஒதுக்கினாள்.
"இது எங்கள் குச்சி இல்லை.
எங்களுடையதில் இரண்டு முனையும் கூர்."
"உங்களுடையதுதான். டிசம்பரில், அன்று ராத்திரி..."
"டிசம்பரிலும் இரண்டு முனைதான், ரோக்கே."

தெருவுக்கு வந்தேன்.
இந்தப் பக்கம் பதினொரு கடை, எதிரில் ஒன்பது,
எல்லாவற்றிலும் விளக்கு,
எல்லாவற்றிலும் யாரோ எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.
உள்ளங்கையில் ஒற்றைக் கூர்க் குச்சி.
முதல் கடைக் கதவைத் தள்ளினேன்.
பசியில்லை.
இரண்டு கொடுங்கள் என்றேன்.