தணிவு

யார்க்டன் நகரில் பிப்ரவரி.
நீதிமன்றம் அல்ல, ஒரு விடுதியின் கூட்ட அறை.
அடுத்த அறையில் யாருக்கோ பணிநிறைவு விருந்து.
சுவரைத் தாண்டிக் கைதட்டல் வந்துகொண்டிருந்தது
வரக்கூடாத நேரங்களில்.

குழுவில் மூவர். இருவர் வழக்கறிஞர்கள்.
மூன்றாமவள் நான், சட்டம் படிக்காதவள்,
முப்பத்தொரு வருடம் மாட்டு வைத்தியம் பார்த்தவள்.
'பொதுமக்கள் பிரதிநிதி' என்று எழுதி வைத்திருந்தார்கள்,
கீழே என் பெயர், பிழையோடு.

எதிரே ஓரெஸ்ட் ஹவ்ரிலுக்.
சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி.
இளைத்த உயிரைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் எனக்கு.
சொல்லவில்லை. அது சாட்சியம் ஆகாது.

கட்சிக்காரர் கடிதங்களுக்குப் பதில் இல்லை.
சங்கம் எழுதியதற்கும் இல்லை.
வழக்குப் போட வேண்டிய கெடு
ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது.
அன்று வீட்டில்தான் இருந்திருக்கிறார், விழித்தபடி.
வெர்னா லிஷ்கா போனில் கேட்டபோது
'போட்டாச்சு' என்றிருக்கிறார்.

மனநல மருத்துவர் திரையில் தோன்றினார்.
கடும் மனச்சோர்வு, பதினான்கு மாதம்.
சங்கத்தின் வக்கீல் கேட்டார்:
அதே மாதங்களில் தன் படகை விற்றிருக்கிறார்,
பேரம் பேசி நானூறு டாலர் கூட்டி வாங்கியிருக்கிறார்.
அன்றைக்கு நோய்க்கு விடுமுறையா?
மருத்துவர் தண்ணீர் குடித்தார்.
'நோய் அப்படி வேலை செய்வதில்லை.'
பின் எப்படி என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

சான்று பதினேழு, ஒரு புகைப்படம்.
கொல்லைப்புற ஃப்ரீசர். மேலே மான் இறைச்சி,
அதன்கீழ் ஏரி மீன்,
அதற்கும் கீழே பிரிக்காத உறைகள்
இருநூற்றுப் பதினொன்று.
ஏன் அங்கே?
'எரிக்க மனசு வரல.
குளிர்ல எதுவும் கெட்டுப்போகாதுன்னு...'
மிச்சத்தைச் சொல்லவில்லை.

லிஷ்கா வந்தார். லாரி மோதி இடுப்பு போனவர்.
மேசையில் சாய்த்த ஊன்றுகோல் சரிந்து விழுந்தது.
அவரால் குனிய முடியவில்லை.
எழுந்து போய் எடுத்துக் கொடுத்தவர் ஹவ்ரிலுக்.
சுருக்கெழுத்தாளர் கையைத் தூக்கிக் காத்திருந்தார்.
யாரும் எதுவும் பேசாததால்
அது பதிவில் இல்லை.

பிறகு லிஷ்கா சொன்னது பதிவில் இருக்கிறது:
'நானும் நோயாளிதான்.
என் கெடுவை யாரும் ஒருநாள்கூட நீட்டவில்லை.'

தணிக்கும் காரணம் என்று அதற்குப் பெயர்.
காய்ச்சல் தணியும். கோபம் தணியும்.
பால் பொங்கும்போது அடுப்பைத் தணிக்கலாம்.
இங்கே தண்டனை தணியும்.
அந்த இடுப்பில் எதுவும் தணியாது.

கன்றுக்குட்டியை நிறுத்துப் பார்த்திருக்கிறீர்களா?
தராசின் முள் ஒரு நொடி நிற்காது.
உதைக்கும், துள்ளும்,
நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஓடும்.
செத்தது மட்டும்தான் சரியான எடை காட்டும்.
உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிக்கொண்டு
மருந்தளவைத் தீர்மானிப்போம்.

தலைவர் டால்க்ளிஷ் பெயரையே நீக்க வேண்டும் என்றார்.
இன்னொருவருக்கு ஆறு மாதம் போதும்.
என் முறை வந்தது.
மௌனத்தையெல்லாம் நோயின் கணக்கில் எழுதினேன்.
'போட்டாச்சு' என்ற ஒரு சொல்லை மட்டும்
அந்த மனிதரின் கணக்கில்.
நடுவே இழுத்த கோடு நேராக விழவில்லை.
பத்து மாத இடைநீக்கம்,
மருத்துவச் சான்றில்லாமல் திரும்பக் கூடாது.
இருவரும் சம்மதித்தார்கள், ஆளுக்கொரு பெருமூச்சோடு.

வீட்டுக்கு எழுபது மைல். பனி குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.
கான்சாக் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினேன்.

என் கணவர் போன வருடத்து நவம்பர்.
விடியுமுன் தொலைபேசி அடித்தது, நின்றது, அடித்தது.
கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.
பிளெட்சுக் வீட்டுப் பசு
கன்று பாதி வெளியே வந்த நிலையில் செத்தது.
குளிரில் வண்டி கிளம்பவில்லை என்றேன்.
நல்ல மனிதர், நம்பினார்,
அந்த வாரமே ஒரு பழைய பேட்டரி கொண்டுவந்து கொடுத்தார்.

வண்டி கிளம்பியிருக்கும்.