வட கோபுரம்

சீட்டு இரண்டு யூரோ.
பத்து வயதுக்குக் கீழே என்றால் சும்மா.
நாய்க்கும் சும்மா, கயிறு வேண்டும்.
கோட்டையைக் கட்டச் சொன்ன ராஜா
எத்தனை நாள் இங்கே தங்கினார் என்று
எல்லோரும் கேட்கிறார்கள்.
ஒரே ஒரு ராத்திரி என்றால்
முகம் சுருங்கிச் சில்லறையை எண்ணுகிறார்கள்.

ஒரு ராத்திரிதான். கணக்கு இருக்கிறது:
மெழுகுவர்த்தி நாற்பது, ஆடு ஒன்பது,
குதிரைகளுக்குப் பார்லி,
ராஜாவின் பல்வலிக்குக் கிராம்பு.
விடியுமுன் கிளம்பிவிட்டார்.
முப்பத்தொரு வருஷம் எழும்பிய சுவர்
அவர் தூங்கப் பார்த்தது ஐந்து மணி நேரம்,
அதுவும் பல் விட்டிருந்தால்.

நான் டெல்ஃபினா.
பத்தொன்பது வருஷமாக இந்தச் சாவி என் இடுப்பில்.
கிழக்கே தெரிவது ஸ்பெயின்.
அந்தப் பக்கத்து எதிரியைப் பார்க்கத்தான்
இத்தனை உயரம், இத்தனை அம்புத் துளைகள்.
எதிரி வந்தது நாலு தடவை.
ஐந்தாவதாக வந்தவள் என் மாமியார்,
காப்பிக்கொட்டை கடத்த, கழுதையோடு, அமாவாசையில்.
திரும்பிப் போகவில்லை.

கல்லைப் பாருங்கள், ராஜாவை விடுங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு கீறல்:
அம்பு, ஏணி, பாதி மீன்.
கல்லுக்கு இவ்வளவு என்று கூலி.
எழுதத் தெரியாதவன் போட்ட கையெழுத்து.
சனிக்கிழமை மேஸ்திரி விரல் வைத்து எண்ணுவான்.
பாதி மீன்காரன் ஏன் மீனை முடிக்கவில்லை?
அவசரமோ, பசியோ,
கூலிக்குப் பாதி போதும் என்ற கணக்கோ.

நாலு கோபுரத்தில் மூன்று நிற்கிறது.
மூன்றிலும் செங்கால் நாரைகள், சீட்டு வாங்காமல்.
வடக்கே இருந்தது விழுந்தது.
பூகம்பம் என்பார் சிலர், பீரங்கி என்பார் சிலர்.
விழுந்தது ஒரே நாளில்.
காணாமல் போனது இருநூறு வருஷத்தில்,
ராத்திரி ராத்திரியாக, மாட்டு வண்டியில்.

போன மார்ச்சில் லிஸ்பனிலிருந்து
ஓர் எஞ்சினியர் வந்தாள், லியோனில்ட்.
வரைபடத்தை என் மேசையில் விரித்தாள்.
நாலு மூலைக்கும் பாரம்:
சீட்டுக்கட்டு, பசை டப்பா,
அவளுடைய போன், என் மத்தியான ஆப்பிள்.
வட கோபுரத்தைத் திரும்ப எழுப்பப் போகிறார்களாம்.
ஆயிரத்து எண்ணூறு கல்.
எங்கேதான் போயிருக்கும்?

ஊர் வாயை இறுக்கிக்கொண்டது.
ஒயின் கடையில் ஃபிர்மினோ கூரையைப் பார்த்தான்.
அவன் பன்றிக்கொட்டில் சுவரில்
அம்புத் துளை இருக்கிறது.
பன்றிகள் ஸ்பெயினைக் கண்காணிக்கின்றன.
பாதிரியார் இருமினார்:
மணிக்கூண்டின் அடிவரிசை, எட்டுக் கல்.
செத்துப்போன அடோசிந்தாவின் தலைமாட்டில் நிற்பதுகூட
எந்தக் காவல்காரனோ மிதித்துத் தேய்த்த படி.

மழை பிடித்தது. பஸ் ஆறு மணிக்கு.
வேறு வழியில்லாமல்
வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.
அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்தேன்.
குளிருக்குக் கையை நீட்டியவள்
அடுப்பு வாயோரம் வைத்தாள்.
விரல் நின்றது.
கரிக்கு அடியில்
பாதி மீன்.

நான் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன்.
எட்டுப் பேருக்கு வெட்டிவிட்டேன்.
அவள் மீனைத் தலையிலிருந்து
அது நின்றுபோகும் இடம்வரை தடவினாள்.
சூடாக இருக்கிறது, என்றாள்.
பிறகு,
வெண்ணெய் இருக்கிறதா, என்றாள்.

ஜூனில் கடுதாசி வந்தது. நாற்பது பக்கம்.
பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி:
பழைய கற்கள் கண்டறியப்படவில்லை.

இப்போது வடக்கு மூலையில்
இரும்புப் படிக்கட்டு, எண்பத்திரண்டு படி.
காற்றடித்தால் ஊளையிடும்.
நாரைகள் அதை இன்னும் நம்பவில்லை.
மூச்சிரைக்க ஏறுகிறவர்கள்
கோபுரம் எங்கே என்று எட்டிப் பார்க்கிறார்கள்:
கொட்டில்கள், மணிக்கூண்டு, கல்லறைத் தோட்டம்,
கொடியில் போர்வைகள்,
என் புகைபோக்கியில் கொஞ்சம் புகை.
ஒன்றுமில்லையே, ஊர்தானே என்று
இறங்கி வருகிறார்கள்.
நான் ஆமாம் என்கிறேன்.

ஐந்தரைக்குக் கதவைச் சாத்துவேன்.
அதற்கு முன்னால் ஒரு குரல் கொடுப்பேன்,
மேலே யாராவது இருந்தால்.