பத்து, இருபது, பூஜ்யம், ஐந்து

ஹெல்சிங்கி ஓட்டலில் கையெழுத்தானது.
சால்மன் சூப் ஆறிக்கொண்டிருக்க
இரண்டு செல்பேசி நிறுவனங்கள்
புகைப்படக்காரருக்காக மூன்று முறை கைகுலுக்கின.
"இனி நாம் ஒரே வலை" என்றார் எங்கள் தலைவர்.
சொல்வதற்கு நாலு சொல்.
செய்வதற்கு ஓலுவில் நான்,
தார்த்துவில் ஊர்மாஸ் கீவிஸ்டிக்.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
கார் எஞ்சின் உறையாதிருக்க மின்கம்பி மாட்டிவிட்டு
இரவுப் பணிக்கு மாடி ஏறினேன்.

பத்தில் தொடங்கும் முகவரிகள் யாருக்கும் சொந்தமில்லை,
ஆகவே எல்லோருக்கும் சொந்தம்.
அவரவர் சுவருக்குள் அவரவர் எண்ணிக்கொள்ளலாம்,
வெளியே தெரியாதவரை வம்பில்லை.
இருபது வருடம் நாங்கள் எண்ணினோம்.
வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் அவர்களும் எண்ணினார்கள்,
ஒருவரை ஒருவர் கேட்காமல்
ஒரே எண்களை.

பத்து புள்ளி இருபது புள்ளி பூஜ்யம் புள்ளி ஐந்து.
எங்களிடம் அது
அழைப்புகளுக்குக் கணக்கெழுதும் இயந்திரம்.
அவர்களிடம்
கேண்டீனில் மதிய உணவுப் பட்டியல் அச்சடிக்கும் பிரிண்டர்.
ஒரே உறையில் இரண்டு கத்தி.

மொழியிலும் இப்படித்தான் எங்களுக்குள்.
ஹல்லிதுஸ் என்றால் எங்களுக்கு நிர்வாகக் குழு,
அவர்களுக்குப் பூஞ்சை.
ஒப்பந்தக் கூட்டத்தில் அந்தச் சொல் வந்தபோதெல்லாம்
ஊர்மாஸ் தண்ணீர் குடித்தானாம்.

இரவு ஒன்று நாற்பதுக்குச் சுரங்கப்பாதையைத் திறந்தோம்.
வழித்தடத்தில் ஓர் எண்ணைத் தவறவிட்டேன்.
வடக்குக் கரையின் அழைப்புப் பதிவுகள்
காணாமல் போயின.
தேடினேன்.
ஒவ்வொரு பெட்டியாய்த் தட்டிக் கேட்டேன்,
எல்லாம் "இருக்கிறேன்" என்றன.

ஐந்து மணிக்கு ஊர்மாஸ் அழைத்தான்.
"சிர்பா, யார் தப்பு என்று பிறகு பேசலாம்.
சமையற்காரி மாயே ரண்டோயா
முழங்கால் வரை காகிதத்தில் நிற்கிறாள்."

பின்னாலிருந்து அவள் குரல்:
"யார் இந்த ஆள்?
பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு
நாலு நொடியில் வைத்துவிடுகிறானே,
காதலா, கடனா?"

எண்ணைப் படிக்கச் சொன்னேன்.
எனக்குத் தெரிந்த எண்.
ஹைலுவோட்டோ தீவுக்கு உறைகடல் மேல் போகும் சாலையில்
தனியாக நிற்கும் கம்பம் அது.
பனிக்கட்டியின் கனத்தை அளந்து
சாலைத் துறையைக் கூப்பிட்டுச் சொல்லும்:
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
நாற்பத்திரண்டு.
நாற்பத்திரண்டு.
"காதலுமில்லை கடனுமில்லை மாயே,
கடல் இன்னும் தாங்குகிறது என்கிறது."

காகிதத்தையெல்லாம் ஊர்மாஸ் அரைத்துப்போட்டான்.
எண்மாற்றுப் பட்டியல் எழுதினோம், அறுநூற்றுப் பதினொரு வரி.
அவர்களுடைய பத்துக்கு எங்களிடம் வேறு பெயர்,
எங்களுடைய பத்துக்கு அவர்களிடம் வேறு பெயர்.
கடைசி வரி மாயே கேட்டது.
அதன்பின் தினமும் காலையில்
உருளைக்கிழங்குக்கும் ஊறுகாய் மீனுக்கும் கீழே
ஒரு வரி அச்சானது.
கடல்: 42.

மூன்றாம் வருடம் கூட்டாளிகள் பிரிந்தார்கள்.
வக்கீல்கள் பெயரைப் பிரித்தார்கள், காப்புரிமையை,
கோபுரங்களை, எஸ்போ அலுவலகத்து நாற்காலிகளைக்கூட.
முகவரிகளை யாரும் கேட்கவில்லை.
"பட்டியலை அழித்துவிடு" என்று ஒரு வரி மின்னஞ்சல் மட்டும்.

அறுநூற்றுப் பத்து வரிகளை அழித்தேன்.

தணிக்கைக்கு வந்த பையன்
மிச்சமிருந்ததை விரலால் தொட்டு, இது என்ன என்றான்.
பழைய பிரிண்டர் என்றேன்.
பொய்யில்லை.

இந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது.
முப்பத்தொன்று, இருபத்தேழு, பத்தொன்பது.
ஏப்ரல் மூன்றாம் தேதி சாலையை மூடினார்கள்,
கம்பத்தைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று தார்த்துவில் பட்டாணி சூப்,
கம்பு ரொட்டி.
கடல் என்று போட்டு
எதிரே ஒன்றுமில்லை.